நடுங்கிய கை

"விசிலடிச்சுக்கிட்டே ஒயரை வெட்டினானா?"

கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார் வீட்டுக்காரர். அவருடைய கடா மீசையும் சேர்ந்து குலுங்கியது. எதிரே கைப்பிரதியோடு அசடு வழிய உட்கார்ந்திருந்தார் நாவலாசிரியர்.

ரயில் நிலையத்தில் தீவிரவாதிகள் வைத்த குண்டைச் செயலிழக்க வைத்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று காவல்துறை அலுவலகத்தில் கேட்டு, இந்த முகவரியை வாங்கி வந்திருந்தார் அவர். "சும்மா உட்கார்ந்திருப்பானேன், கதையைப் படிங்க, கேப்போம்" என்று சொன்னதே மீசைக்காரர்தான்.

"ஏன் சார், அப்படி இல்லையா?"

"விசிலா? வாய் உலர்ந்து போய் எச்சில் முழுங்க முடியல. கை வெடவெடன்னு நடுங்குது. கண்ணுல தண்ணி கொட்டுது. அழுதுக்கிட்டே வெட்டினதுதாங்க அந்த ஒயர்."

நாவலாசிரியர் தலையைச் சொறிந்தார். "ஹீரோ அழுதா வாசகர்கள் ஏத்துக்க மாட்டாங்க சார். ஆம்பளைச் சிங்கம்னு பின்னட்டையிலயே போட்டாச்சு."

"சிங்கம்னா கண்ணு கலங்காதா? அதுக்கப்புறம் மூணு மாசம், யாராவது கதவை அறைஞ்சு சாத்தினாலே உடம்பு தூக்கிப் போடும். குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு ஒரே அழுகை. டாக்டர்கிட்ட போன பிறகுதான் தூக்கம் வந்துச்சு. இப்ப என்னடான்னா குறட்டை தாங்க முடியல."

நாவலாசிரியருக்கு நெஞ்சு இளகியது. அன்று அந்த ரயில் நிலையத்திலிருந்து அலறியடித்து ஓடியவர்களில் அவரும் ஒருவர். இன்றுவரை விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை. மனைவியிடம்கூட வாய் திறந்ததில்லை. இவ்வளவு பெரிய மீசையே அழுதிருக்கிறது என்றால், நமக்கென்ன வெட்கம்?

"எனக்கும் இன்னும் பயம் போகல சார்" என்றார் மெதுவாக.

"அதனால என்னங்க? வீட்டுல சொல்லுங்க. பாதி குறைஞ்சுடும்."

தலையிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. விசிலடிக்கும் அத்தியாயத்தைக் குறுக்கே கோடு கிழித்து அடித்தார். கைப்பிரதியின் முதல் பக்கத்தை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். ஒயரை வெட்டின கையாச்சே."

மீசைக்காரர் திருதிருவென விழித்தார்.

"என் கையா? அன்னைக்கு டி.வி.யில பார்த்துட்டு மயக்கம் போட்டு விழுந்தவன் நான். வெட்டினது என் சம்சாரம், டியூட்டி முடிஞ்சு இப்ப வந்துடுவா. கதைக்காக நீங்கதான் அவளை ஆம்பளையா மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."