இந்த வருஷம் எந்த டீம்?

புது சீசன் தொடங்க மூன்றே நாள்தான். தன் டீம் தோற்றால் சோற்றில் கை வைக்காத மனுஷன், இந்த வருஷம் கிரிக்கெட் பேச்சே எடுக்கவில்லை. மனைவி மெல்லத் துருவினாள்.

"ஏங்க, புது கேப்டன் தேறுவானா?"

"பார்ப்போம்."

"அந்த வேகப்பந்துக்காரனை ஏன் விட்டுட்டாங்களாம்?"

"எனக்கென்ன தெரியும்?"

ஆசை ஆசையாக வாங்கிய டீம் சட்டையைக்கூட மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். மகள் அந்தச் சட்டையோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்ககிட்ட மறைக்காதீங்க!" மகளின் குரல் உடைந்தது.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஞாயிறுதோறும் உள்ளூர் மேட்சுகளில் அம்பயராக நின்று வெயிலில் காய்ந்தவரை, இந்த சீசனுக்கு அவருடைய டீம் ஆடும் லீக்கே அம்பயராக அழைத்திருந்தது!

"அறிவிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்க. இனிமே எனக்குன்னு ஒரு டீம் கிடையாதும்மா."

துள்ளிக் குதித்த மகள் சட்டென்று நின்றாள். "அப்போ நம்ம கேப்டனுக்கே அவுட் கொடுப்பீங்களா?"

"அவுட்டுன்னா கொடுத்துதானே ஆகணும்?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்கு வந்து உங்களோட சேர்ந்து அழுதுக்கறேன்."