மேல் பட்டன்

"அடிமை மாதிரி அடைச்சு வெச்சு தைக்க வெச்ச சட்டையாம். சட்டப்படி நாட்டுக்குள்ள விட முடியாதாம்!" சட்டை இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர், வீட்டுக்குள் நுழையும்போதே தாம்தூமென்று குதித்தார். "எந்த மூலையில எவன் தைச்சா எனக்கென்ன? சரக்கு பூரா துறைமுகத்துல முடங்கிக் கிடக்கு."

சாம்பிள் சட்டை சோபாவில் வந்து விழுந்தது. மனைவி அதை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, மேல் பட்டன்ல நாலு ஓட்டை இருக்கு. மூணுலதான் நூல் ஓடியிருக்கு."

"அந்தப் பெட்டி முழுக்க அதே லட்சணம்தான். தையல் தெரியாத கழுதை எவனோ!"

அவள் அந்தப் பட்டனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் அப்படித்தானே தைப்பேன்? ஒரு ஓட்டையை விட்டுடறேன்னு நீங்ககூட கேலி பண்ணுவீங்களே! என்கிட்ட கத்துக்கிட்டவன் ஒருத்தன்தாங்க."

கடைக்காரரின் பார்வை சுவரில் இருந்த மகனின் படத்துக்குப் போனது. கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு, ஓட்டல் வேலைக்கென்று ஏஜென்ட் பின்னால் கடல் தாண்டிப் போனவன். ஒரு வருஷமாகப் போன் இல்லை. திமிர் என்றுதான் இவர் நினைத்திருந்தார்.

துறைமுகச் சுங்க அதிகாரிக்குப் போன் போட்டார்.

"ஆபீசர் சார்... அந்தச் சட்டையெல்லாம்... யார் தைச்சதுன்னு கொஞ்சம் பாருங்க சார்."