முரண்பட்ட பிரதி

மாலுமியை விழுங்கும் அலைக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கூட்டி, கீழே ‘முற்றும்’ என்று போட்டு அவள் சேமித்த அதே நேரத்தில், கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பு வந்து உட்கார்ந்தது.

அதே பெயர். வாலில் மட்டும் இரண்டு சொற்கள் கூடுதல்: ‘முரண்பட்ட பிரதி’.

அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

பக்கத்து மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பக்க வடிவமைப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவள். “ஐயோ அக்கா, ஃபைல் போச்சா?”

“போகல. வந்திருக்கு.”

அவளுடைய மடிக்கணினியையும் வீட்டில் இருக்கும் கணினியையும் ஒரு மென்பொருள் கட்டிப்போட்டிருந்தது. இங்கே ஒரு வரியை எழுதினால் அங்கேயும் இருக்கும். அங்கே ஒரு வரியை நீக்கினால் இங்கேயும் இருக்காது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் கைவைத்தால்தான் வம்பு. அப்போது மென்பொருள் யார் பக்கமும் சாயாது. இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடும்.

அடித்துக்கொண்டவர்கள்தான், அவளும் அவள் கணவரும்.

சிறுவர் வார இதழில் வரும் அந்தக் கடல் தொடர் இருவரும் சேர்ந்து எழுதியது. அவள் கப்பலுக்கு நாலு பாய்மரம் வைத்தால் அவர் இரண்டை வெட்டுவார். வெட்டியதை அவள் திரும்ப நடுவாள். சோறு ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். கதை மட்டும் கத்தி மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தோடு அதெல்லாம் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு அவள் எழுதியது எழுதியபடியே கிடந்தது. வெட்ட ஆளில்லாத கதை ஊதிப் பெருத்தது. படித்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இதழின் ஆசிரியர் அம்மாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். போன வாரம் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “முடிச்சுடும்மா” என்றார்.

அதனால்தான் காலையில் வீட்டிலேயே மாலுமியை மூழ்கடித்துவிட்டு வந்திருந்தாள். இங்கே உட்கார்ந்து மிச்சத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கங்கள் மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

புதிய பிரதியைத் திறந்தாள்.

வரிக்கு வரி எழுத்துப் பிழை. ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூடச் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். அவள் ஒரு பிழையையும் திருத்தவில்லை. அப்படியே படித்தாள்.

பாடுபட்டு அவள் எழுப்பியிருந்த அலைகளைக் காணோம். அந்த இடத்தில் சில வரிகள் மட்டும் இருந்தன. பிழைகளைத் தாண்டிப் படித்தால் இப்படி:

‘இருட்டு. மாலுமி உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். இடப்பக்கம் தண்ணீர் சும்மா புரண்டது. வலப்பக்கம் எதன்மேலோ மோதி உடைந்தது. மோதுகிறது என்றால் அங்கே கரை இருக்கிறது. வலப்பக்கம் நீந்தினான்.’

‘முற்றும்’ இல்லை.

அடியில், கதைக்கு வெளியே, அவளுக்கென்று தனியாக: ‘கப்பல மூழ்கடிச்ச, சரி. ஆள எதுக்குடி மூழ்கடிக்கற? உன் அலை ரொம்ப நீளம். கேக்கற எனக்கே மூச்சு முட்டுது.’

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தக்கூட இல்லை. மடிக்கணினியைத் திறந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவும் மறந்துபோனாள்.

ஆசிரியர் அம்மா படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

“தனியாவா எழுதினாரு?”

“தனியாத்தான்.”

அவர் எழுந்தார். கதவருகே வந்து, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் வடிவமைக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். “அந்தக் கடைசி அத்தியாயம்ங்கற பட்டையத் தூக்கும்மா! மாலுமி சாகல!”

கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஏனென்று தெரியாமலேயே இன்னும் சிலர் கைதட்டினார்கள்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நான் திறந்து வெச்சிருக்கறப்போ கைவைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்று கத்தினாள். சிரிப்பில் பாதி வார்த்தை உடைந்தது.

“அப்போ நல்லா எழுது, கைவைக்கல” என்றார் அவர்.

அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். ஓர் அலையை மட்டும் அவள் மீட்டுக்கொண்டாள். மற்றதெல்லாம் அவருக்கு.

பக்கம் தயாரானபோது வடிவமைக்கும் பெண்ணுக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டிருந்தது. “அக்கா, சார் நம்பர் குடுங்க. பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து அனுப்பறேன். எப்படி வந்திருக்குன்னு அவரும் பார்க்கட்டும்.”

பாவம், அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் இருக்கும் அந்தக் கணினிக்குத் திரையே கிடையாது. போன மழைக்காலத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போன பிறகு, இனி எனக்கெதற்கு என்று அவர்தான் கழற்றச் சொன்னார். கோப்புகளை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அவள் போட்டுக்கொடுத்தபோது ஹெட்போனைத் தூக்கி எறிந்தார். அவள் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். கணினியை மட்டும் அணைக்கவே இல்லை. அவள் எழுதியதெல்லாம் ஒவ்வொரு நாளும் அங்கே போய்ச் சேர்ந்தபடியே இருந்தது.

“போட்டோ வேண்டாம், போன்ல வாசிச்சுக் காட்டு” என்றாள். “மெதுவா வாசி. குறை கண்டுபிடிக்காம விடமாட்டாரு.”