பொறுப்பாளர் யார்?

"இந்தக் கட்டத்துல இதையெல்லாம் எழுதினது யாரு?"

டீம் லீடர் பியோ போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை கியூவோன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"நான்தான் சார்" என்றாள் போராம்.

சியோல் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குச் செய்துகொண்டிருந்த செயலி அது. நோயாளி, டாக்டர், அறை, நோயாளிக்காகக் கையெழுத்துப் போடும் பொறுப்பாளர் என்று எது எதோடு சேரும் என்கிற டேட்டா மாடலை வரைந்தவள் போராம். பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலை போனால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது.

"ஆபரேஷன்னா புருஷனோ பொண்டாட்டியோ புள்ளைங்களோ வந்து கையெழுத்துப் போடணும். இதுதானே வழக்கம்? நீ என்னடான்னா, பொறுப்பாளர் பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம், சிநேகிதியா இருக்கலாம்னு வச்சிருக்கே!"

"அப்படியும் நடக்குது சார். மருத்துவமனைக்கே போய்ப் பாத்துதான் அங்க நடக்கறதைச் சொல்ற யூஸ் கேஸ் எழுதினேன்."

"படிச்சேன், படிச்சேன். தனியா இருக்கற அம்மா. கண் ஆபரேஷன். மகன் போனை எடுக்கல. கையெழுத்துப் போட ஆளில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ டி.வி. நாடகம் எழுதப் போயிருக்கலாம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பெத்தவளுக்கு ஒரு கையெழுத்துப் போட வராதவன் எல்லாம் மனுஷனா? அப்படி எவனாவது இருந்தா என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து. அப்புறம் பேசலாம்."

போராம் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

"நிறுத்த முடியாது சார். ஆனா, கட்டத்தை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

"அப்ப நாளைக்கு மருத்துவமனைக்காரங்க முன்னாடி நீயே விளக்கு. சிரிச்சாங்கன்னா மூட்டையைக் கட்டிக்க!"

மறுநாள், மருத்துவமனை அரங்கத்துத் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்த தலைமை நர்ஸ் சா, அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது யாரோட யோசனை?"

போராம் எழுந்து நின்றாள்.

"வாரா வாரம் யாரையாவது திருப்பி அனுப்பறோம்மா. பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எங்க விதியில எங்கேயும் இல்ல. பழைய செயலியில குடும்ப உறவை நிரப்பலேன்னா அடுத்த பக்கமே திறக்காது. அவ்வளவுதான் விஷயம்! எத்தனையோ கம்பெனி வந்து காட்டிட்டுப் போச்சு, ஒருத்தருக்கும் இது தோணலையே!"

நர்ஸ் எழுந்து நின்று கை தட்டினார். மருத்துவமனை இயக்குநர் எழுந்தார். அரங்கமே எழுந்தது.

பியோ முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "எங்க டீமோட யோசனைங்க!"

"பாத்தியா, டீமோடதாம்!" கியூவோன் போராமின் காதைக் கடித்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள்.

"மேடம், அந்தக் கண் ஆபரேஷன் அம்மா..."

"நாளைக்கே வரச் சொல்லு. செயலி வர்ற வரைக்கும் காகிதத்துல போட்டுக்கறேன்."

சாயங்காலம் உணவகத்தில், நடுவில் அடுப்பு வைத்த மேஜையைச் சுற்றி விருந்து. பியோவே இறைச்சியை வாட்டி, முதல் துண்டைப் போராமின் தட்டில் வைத்தார்.

"நாளையிலேருந்து நீ நிரந்தரம். ஆனா அப்படி ஒரு மகன் இருக்கான்னு நான் இன்னும் நம்பல!"

மேஜைமேல் அவருடைய கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தார். அப்படியே கவிழ்த்து வைத்தார்.

சற்று நேரத்தில் போராமின் கைபேசி அடித்தது. வெளியே வந்து எடுத்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலையில கண் ஆபரேஷனுக்குத் தயாரா இருங்க. பொறுப்பாளர் நான்தான்."

"அது கிடக்கட்டும் பொண்ணே. உன் டீம் லீடர்னு தெரியாம அன்னிக்கு அவனைப் பத்தி உங்கிட்டயே புலம்பிட்டேன். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பியோ இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லலம்மா."

"இன்னிக்கு அவனுக்கு ஏதோ முக்கியமான நாளாமே, நல்லபடியா முடிஞ்சுதா?"

"எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கம்மா, உங்க பையனுக்கு!" என்றாள் போராம்.