கடைசிப் படத்துக்கான இடம்

விண்கலப் பாதைகளைப் பற்றிய மாநாட்டுக்கு ஜெசிந்தா எழுதிய கட்டுரையில் கடைசிப் படம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம். அதன் கீழே, ‘கலத்திலிருந்து வந்த சிக்னல்’ என்று ஒரு வரி. பல வருடங்களுக்கு முன் பேச்சை நிறுத்திக்கொண்டு சூரியனைச் சுற்றப் போய்விட்ட அந்தச் சிறிய கலம், ஆகஸ்டில் பூமிப் பக்கம் திரும்பி வரும் என்பது அவள் கணக்கு. அப்போது தங்கள் ஆன்டெனாவை அதன் பக்கம் திருப்பி, மறுபடி பேசுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது திட்டம். கட்டுரை அனுப்பக் கடைசி நாளோ ஜூனிலேயே வந்துவிடுகிறது. “வராத சிக்னலுக்குக் கட்டம் போட்டு வெச்சிருக்கியேம்மா, தூக்கிக் கடாசிருவாங்க,” என்றார் அவளோடு சேர்ந்து எழுதிய திரவியம். “வந்தா எங்க உக்காரும் சார்? இடம் இருக்கட்டும்,” என்று சொல்லி அவள் அப்படியே அனுப்பிவிட்டாள். ஜூலையில் மதிப்பீடு வந்தது. பெயர் சொல்லாத அந்த மதிப்பீட்டாளர் அவர்களுடைய சமன்பாடுகளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். படிக்கப் படிக்கத் திரவியம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெசிந்தா மட்டும் விடாமல் கடைசிக் குறிப்புவரை வந்தாள்: “கட்டம் சிறியது. எங்கள் ஆன்டெனாவையும் அந்தப் பக்கம் திருப்புகிறோம். இரண்டு சிக்னல்களுக்கு இடம் விடவும்.”