பாலகோபால் விளைவு

“செருப்பை வெளியவே விட்டுப்போட்டு வாங்க. உள்ள மூச்சுகூட மெதுவாத்தான் விடோணும்” என்று கதவைத் திறந்தார் பாலகோபால். நெற்றியில் நாமம், தோளில் சரிகை அங்கவஸ்திரம். உள்ளே மங்கலாக ஒரே ஒரு சிவப்பு விளக்கு.

கும்பிட வேண்டுமோ என்று சாரா ஒரு கணம் தயங்கினார். பிறகுதான், வந்திருப்பது கிணத்துக்கடவு போகிற வழியிலுள்ள கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம் என்பது நினைவுக்கு வந்தது.

சாரா சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர்; பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தக் கொங்குப் பக்கம்தான். பாலகோபாலிடம் நாலு வருஷம் ஆராய்ச்சி செய்த பிரத்யுஷாவுக்கு முனைவர் பட்டம் உண்டா இல்லையா என்று இன்று அவர்தான் சொல்ல வேண்டும். பட்டம் வந்தால்தான் பெங்களூரில் பேசி வைத்திருக்கும் வேலை.

“தீசிஸைப் படிச்சதுல இருந்து உங்களை நேர்ல பார்த்தே ஆகோணும்னு இருந்தேனுங்க” என்றார் சாரா.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார் பாலகோபால். அந்தத் தீசிஸில் தன் பெயரோடு எல்லாப் பட்டங்களும் வந்துவிட்டனவா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

கூடவே கரஸ்பாண்டென்ட் கோவிந்தராஜுலுவும் வந்திருந்தார். பல்லடத்தில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லும், இங்கே இந்தக் கல்லூரியும் அவருடையவை.

“இந்த மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்க. அந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் போவேன்” என்ற பாலகோபால், தரையில் இழுத்திருந்த கோட்டைத் தாண்டிக் கண்ணாடிப் பெட்டியருகே போனார்.

பிரத்யுஷா ஓடிப்போய் ஒரு ஸ்டூலைப் பெட்டியை ஒட்டிப் போட்டாள். “சார், இங்க உக்காந்து சொல்லுங்க. நல்லா விளக்கமா சொல்லுங்க.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

“பாருங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதை!” என்று உட்கார்ந்தார் பாலகோபால். சமநிலை குலைந்த வெப்ப இயக்கவியல் என்று, பெயரைச் சொல்வதற்குள்ளேயே மூச்சு வாங்கும் துறை அவருடையது. அவருக்கு வாங்கவே வாங்காது.

“மேசை மேல வெச்ச காப்பி ஆறும். ஆறின காப்பி தானாச் சூடாகுமுங்களா? ஆகாதுன்னுதான் உலகமே நெனைச்சுட்டு இருக்குது. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் உருண்டை. தண்ணி சூடாக ஆக உருண்டை துடிக்கிறது அதிகமாகும். இப்ப யாரும் சூடு குடுக்கலீங்க. ஆனா துடிப்பு ஏறுது பாருங்க!”

பக்கத்திலிருந்த கணினித் திரையில், துடிப்பைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு மெல்ல மேலேறியது.

“இதுக்குப் பேரு பாலகோபால் விளைவு. பேரு நான் வெக்கலீங்க. அதுவா அமைஞ்சுபோச்சு.”

“ஏனுங்க, இதுல நம்ம மில்லு பாய்லரை ஓட்டலாமுங்களா? வெறகாச்சும் மிச்சமாகும்” என்றார் கோவிந்தராஜுலு.

“பாய்லரா! நோபல் சமாச்சாரமுங்க இது!”

அப்போது பாலகோபாலின் போன் அடித்தது. பிளெக்ஸ் கடைக்காரர். “என் படத்தை இன்னும் பெருசாப் போடுங்க” என்று பேசிக்கொண்டே வெளியே போனார். திரையில் கோடு சரசரவென்று இறங்கிப் படுத்துக்கொண்டது.

“ஏனம்மணி, ரிப்பேருங்களா?” என்றார் கோவிந்தராஜுலு. பிரத்யுஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாலகோபால் திரும்பி வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் கோடு எழுந்தது.

“சார், இன்னொருக்கா வெளிய போயிட்டு வாரீங்களா?” என்றார் சாரா.

போனார், கோடு இறங்கியது. வந்தார், ஏறியது. மூன்றாவது தடவை கோவிந்தராஜுலுவே உற்சாகமாகிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “போங்க... வாங்க... இன்னொரு வாட்டி போங்க!” என்று பஸ் கண்டக்டர் மாதிரி நின்றார்.

“மனுச ஒடம்பு ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுமுங்க சார்” என்றார் சாரா, மெதுவாக. “வாயத் திறந்து பேசினா மூச்சுச் சூடும் சேந்துக்கும். பெட்டிக்குச் சூடு குடுக்கறது வேற யாருமில்லீங்க, நீங்கதான்.”

பாலகோபால் ஸ்டூலில் அப்படியே அமர்ந்துவிட்டார். அங்கவஸ்திரம் நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“என் விளைவு போனாப் போகுதுங்க மேடம்” என்றார் கடைசியில். குரல் முதல்முறையாகச் சின்னதாக வந்தது. “இந்தப் புள்ளையோட நாலு வருசம் பாழாப்போச்சே. எம்பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போச்சுங்க. இந்தப் புள்ளையை மட்டும் கைவிட்டுறாதீங்க.”

“அவளுக்குப் பட்டம் குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டுத்தானுங்க வந்தேன். இவ்வளவு சுத்தமான அளவீடு நான் பார்த்ததில்லை” என்றார் சாரா.

பாலகோபால் திரும்பிப் பிரத்யுஷாவைப் பார்த்தார்.

“ஏனம்மணி, விளைவே இல்லீங்கறாங்க. அப்புறம் நாலு வருசமா இந்த ரூமுல நீ எதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தே?”

பிரத்யுஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்களைத்தானுங்க சார்.”