சிவப்புக் கட்டு

செல்போனில் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மங்கைக்குப் பகீரென்றது. கொல்கத்தா டீமில் நடுக்களம் ஆடும் மகன் இளவழகனின் இடது கையில் சிவப்பாக ஒரு கட்டு.

"கட்டோட ஓட வுடுறானுங்களே, இவனுங்க மனுசனுங்களா?"

கணவன் ஜெயராமன் கொல்கத்தாவுக்குப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கே கிளம்பிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் மகன் போன் செய்தான்.

"கையில இன்னாடா அடி?"

"அடி இல்லம்மா. கேப்டனுக்குக் கட்டுற பட்டை. இன்னிலேர்ந்து நான்தான் கேப்டன். இத்தனை வருஷமா இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப எலும்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா."

மங்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே கணவனை அழைத்தாள்.

"பஸ் ஏறாதீங்க, வீட்டுக்கு வாங்க. புள்ளைக்குக் கை நல்லாத்தான் இருக்குது. இன்னாமோ கேப்டன் ஆயிட்டானாம், அவ்ளோதான்."